தேயாத பொறி பழையதாவது எப்படி?

கணிப்பொறிப் பெட்டியின் முகப்பில் ஒரு காலத்தில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. எண்பதுகளின் பிற்பாதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த பெட்டிகளில் அதைக் காணலாம். பெயரைக் கேட்டால், அழுத்தியதும் பொறி பாய்ந்தோடும் என்று தோன்றும். உண்மையில் அதன் பயன் நேர்மாறானது. வேண்டும்போது பொறியின் வேகத்தைக் குறைப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. வேகத்துக்கென்று பணம் கொடுத்து வாங்கியவர் அதைக் குறைத்துக்கொள்ள ஏன் விரும்பவேண்டும்? விடை விளையாட்டில் இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பி.சி.யின் 8088 சில்லு 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றை எழுதியவர்கள், எல்லாப் பொறியும் அந்த வேகத்திலேயே ஓடும் என்று கொண்டு நேரத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். அவற்றை விரைவான பொறியில் ஓட்டினால் பகைவன் கண்ணிமைக்கும் முன் பாய்ந்துவந்து ஆட்டத்தை முடித்துவிடுவான். புதுப்பொறி வாங்கியவர் பழைய விளையாட்டை ஆட, பொறியைப் பழையதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இருக்கும் கணினியை மேம்படுத்துவதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்று இன்று ஒவ்வொரு விளையாட்டுப் பிரியரும் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுதான். அம்மி தேயும், கொத்திக்கொள்கிறோம். மிதிவண்டியின் சங்கிலி தளரும், மாற்றிக்கொள்கிறோம். சில்லு அவ்வாறு தேய்வதில்லை. பத்தாண்டுக்கு முன் ஒரு நொடியில் எத்தனை கணக்குகளைப் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். விசிறியில் தூசி அடையும், வட்டு பழுதாகும், மின்தேக்கி உப்பும். இவையெல்லாம் சிறிய செலவில் மாற்றக் கூடியவை. ஆயினும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் ‘பழசாகிவிட்டது’ என்கிறோம். அதைப் பழசாக்கியது யார்? வரலாற்றைப் பார்த்தால் ஒவ்வொரு காலத்திலும் அந்த ‘யார்’ வேறாக இருக்கிறது. மேம்படுத்தலாமா வேண்டாமா என்பதற்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒற்றை விடை கிடைக்காததும் அதனால்தான்.

ஐபிஎம் தன் பி.சி.யில் ஐந்து செருகுவாய்களை வைத்தது. பெட்டியைத் திறந்து வேண்டிய அட்டையைச் செருகிக்கொள்ளலாம். இந்தச் சிறு வசதி இல்லையெனில் நம் கேள்வியே எழுந்திராது. வானொலிப் பெட்டியைப் போல முழுதாக வாங்குவதும் முழுதாகக் கழிப்பதுமாகவே இருந்திருப்போம். 1987இல் ஐபிஎம்மின் வி.ஜி.ஏ. படக்காட்சி முறை வந்தது; 256 வண்ணங்கள் ஒரே திரையில் தெரிந்தன. அதே ஆண்டு ஆட்லிப் ஒலி அட்டை வந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்ட’ரை விற்கத் தொடங்கியது. அதுவரை பி.சி. எழுப்பிய ஓசை, கதவு மணி பழுதானாற்போல ஒரு கீச்சொலிதான். 1990இல் ஆரிஜின் நிறுவனத்துக்காகக் கிறிஸ் ராபர்ட்ஸ் உருவாக்கிய ‘விங் கமாண்டர்’ இவை எல்லாவற்றையும் ஒருங்கே கேட்டது. ஓர் ஆட்டத்துக்காகப் பொறியை மாற்றும் வழக்கத்தை ஊன்றியவற்றுள் அதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதுவும் பொறியின் வேகத்தோடு கட்டுண்டிருந்தது. பின்னாளில் வந்த விரைவான 486களில் அதன் விண்கலங்கள் அடக்கவியலாத வேகத்தில் பறந்தன.

1993 டிசம்பர் 10 அன்று ‘டூம்’ வந்தது. ஐடி சாஃப்ட்வேர் என்ற சிறு குழு. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ முதலியோர். முதல் பகுதி இலவசம். விருப்பமுள்ளவர் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். அது கேட்ட குறைந்தபட்சம் ஒரு 386 சில்லும் 4 மெகாபைட் நினைவகமும். நன்றாக ஓட 486 வேண்டும். அந்த நேரத்தில் நினைவகம் வாங்குவது எளிதாக இல்லை. அவ்வாண்டு ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. சில்லுகளைப் பொதியும் ஒருவகைப் பிசினில் உலகத் தேவையின் பெரும்பங்கு அங்கே உருவாகிவந்தது. செய்தி பரவியதும் நினைவக விலை ஏறிவிட்டது. எங்கோ ஒரு பிசின் ஆலை எரிந்தால் வேறொரு கண்டத்தில் ஒரு மாணவனின் ஆட்டம் தள்ளிப்போகிறது. இந்தக் கதை மீண்டும் மீண்டும் வரும்.

‘டூம்’ பற்றி எழுதுவோர் அதன் வன்முறையையும் அதன் வேகத்தையும் விரிவாகப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் இருந்த ஒரு சின்னஞ்சிறு ஏற்பாடு. விசைப்பலகையில் கழித்தல் குறியை அழுத்தினால் ஆட்டச் சாளரம் சுருங்கும். மேலும் அழுத்தினால் மேலும் சுருங்கும். இறுதியில் திரையின் நடுவே தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். வரையவேண்டிய புள்ளிகள் குறைவதால் மெதுவான 386இலும் ஆட்டம் ஓடும். எஃப்5 விசையை அழுத்தினால் விவரங்கள் பாதியாகும். மேம்படுத்த வசதியற்றவனை வாசலிலேயே நிறுத்தாமல், ‘உன்னிடம் இருப்பதைக் கொண்டு உள்ளே வா, திண்ணையில் இருந்தாவது பார்’ என்று அழைத்த பண்பு அது. தீப்பெட்டித் திரையில் அந்த ஆட்டத்தை முடித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

திண்ணைகூடக் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். காமடோர் நிறுவனத்தின் ‘அமிகா’ எண்பதுகளின் பிற்பாதியில் படத்திலும் ஒலியிலும் பி.சி.யைக் காட்டிலும் மேம்பட்ட பொறி. அதன் அழகு அதற்கெனவே வடித்த தனிச் சில்லுகளில் இருந்தது. ஆனால் அதில் ஒரு புள்ளியின் வண்ணம் பல அடுக்குகளில் பிரித்து வைக்கப்படும். ஒரு புள்ளியை மாற்ற எல்லா அடுக்குகளையும் தொடவேண்டும். பக்கவாட்டில் நகரும் படங்களுக்கு அது மிகவும் உகந்தது. ‘டூம்’ போல ஒவ்வொரு புள்ளியையும் புதிதாகக் கணித்து இடும் முறைக்குப் பெருந்தடை. வி.ஜி.ஏ.விலோ ஒரு புள்ளிக்கு ஒரு பைட். கணித்ததை நேரே எழுதிவிடலாம். அமிகாக்காரர் எதைச் செருகி இதைச் சரிசெய்வது? முடுக்கி அட்டைகள் இருந்தன, விலையும் இருந்தது, அடிப்படை மாறவில்லை. 1994 ஏப்ரலில் காமடோர் நொடித்தது. அதற்கு நிர்வாகக் காரணங்கள் பல உண்டு. பழியை ஓர் ஆட்டத்தின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் அமிகாவை நேசித்த ஓர் இளைஞன் அந்த ஆண்டு எதிர்கொண்டது மேம்படுத்தல் பற்றிய கேள்வி அன்று, மதம் மாறுவது பற்றிய கேள்வி. 1997 டிசம்பரில் ‘டூ’மின் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டதும், நிறுவனமே இல்லாத அந்தப் பொறிக்கு அதைப் பெயர்த்தவர்கள் உண்டு. முடுக்கி பூட்டிய அமிகாக்களில் ‘டூம்’ ஓடியது. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த அடி 1996 ஜூனில் விழுந்தது. அதே குழுவின் ‘குவேக்’. இம்முறை கதை நுட்பமானது. அக்காலத்தில் இன்டெலின் பென்டியத்துக்குப் போட்டியாக ஸைரிக்ஸ் நிறுவனம் 6x86 என்ற சில்லை விற்றது. விலை குறைவு. ‘பி166+’ என்று பொறித்த சில்லு உண்மையில் 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஆயினும் 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகர் என்பது அந்தப் பெயரின் பொருள். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் அது பொய்யன்று. முழு எண் கணக்கில் ஸைரிக்ஸ் உண்மையிலேயே வல்லது. சிக்கனமான தந்தையர் பலர் அதை வாங்கிவைத்தனர்.

‘குவேக்’ அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. முப்பரிமாணச் சுவர் ஒன்றைச் சரியான தொலைத்தோற்றத்தில் வரைய வகுத்தல் கணக்கு இடையறாது வேண்டும். அதுவும் தசம எண்களில். வகுத்தல் மெதுவானது. மைக்கேல் அப்ரஷும் கார்மாக்கும் ஒரு வழி கண்டார்கள். பென்டியத்தில் தசமக் கணக்குப் பகுதி ஒருபுறம் வகுத்துக்கொண்டிருக்கையில், முழு எண் பகுதி மறுபுறம் வேறு வேலை பார்க்கலாம். பதினாறு புள்ளிகளுக்கு ஒரு வகுத்தல்; அந்த வகுத்தல் முடிவதற்குள் முந்திய பதினாறு புள்ளிகளை வரைந்துவிடுவது. உலை கொதிப்பதற்குள் காய் நறுக்கிவைப்பது போல. ஸைரிக்ஸின் தசமப் பகுதிக்கு இந்த ஓட்டம் கைவரவில்லை. விளைவாக, பெட்டியின்மேல் 166க்கு நிகர் என்றிருந்த சில்லு ‘குவேக்’கில் அதைவிட வெகுவாகக் குறைந்த பென்டியத்திடம் தோற்றது. சில்லு நேற்றுப்போலவே இன்றும் இருந்தது. மாறியது அதனிடம் கேட்கப்பட்ட வேலை. 1997இல் ஸைரிக்ஸை நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது; 1999இல் அது வியா நிறுவனத்தின் கைக்குப் போனது. எந்த ஆட்டத்துக்காக என்று கேளாமல் ‘நல்ல கணினி எது’ என்று மட்டும் கேட்டு வாங்குவோருக்கு, இதைவிடப் பொருத்தமான கதையை நான் அறியேன்.

அதே ஆண்டின் இறுதியில் நினைவக விலை இம்முறை சரிந்தது. அதுவரை காசுபோட்டு ஆடும் கூடங்களின் பொறிகளை மனத்தில் வைத்திருந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்துக்கு வீட்டுச் சந்தையின் கதவு திறந்தது. அதன் ‘வூடு’ அட்டை முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரையும். எழுத்துகளைத் திரையில் காட்டக்கூட அதற்குத் தெரியாது. ஆகவே பழைய அட்டையை எறிய முடியாது. பழைய அட்டையிலிருந்து ஒரு குட்டைக் கம்பி புதிய அட்டைக்கு, அங்கிருந்து திரைக்கு. ஆட்டம் தொடங்கும்போது ‘டிக்’ என்ற ஓசையோடு புதியது பொறுப்பை ஏற்கும். ஆர்க்கிட் நிறுவனத்தின் அட்டையில் அந்த ஓசை உண்மையாகவே கேட்கும். முடிந்ததும் பழையதிடம் திருப்பித் தரும். மேம்படுத்தல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுவே. பழையதைக் கழிக்காமல் புதியது வந்து சேர்ந்துகொண்டது. 1997 ஜனவரியில் ‘குவேக்’கின் இதற்கான வடிவம் வந்தபோது, சுமாரான பென்டியம் வைத்திருந்தவரும் 640க்கு 480 புள்ளிகளில், வழவழப்பான சுவர்களோடு ஆடினார். ஆனால் வூடுவுக்கென்று ‘கிளைட்’ என்னும் தனி மொழியில் எழுதப்பட்ட ஆட்டங்கள், 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் உடைமைகளை என்விடியா வாங்கியபின் அநாதைகளாயின.

இந்தக் காலத்தில்தான் நம்மூர்க்காரர்களும் கதைக்குள் வருகிறார்கள். நான் கல்லூரியில் பயின்ற ஆண்டுகளில் நிறுவனப் பெயர் பொறித்த கணினியை வாங்கியவர்கள் என் வட்டத்தில் அரிது. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய் மதர்போர்டு ஒரு கடையில், ரேம் ஒரு கடையில் என்று விசாரித்து, ‘அசெம்பிள்’ செய்து ஆட்டோவில் ஏற்றிவருவதே வழக்கம். அங்கே மேம்படுத்தல் என்பது ஒரு சங்கிலி. ஒருவர் கழற்றிய ரேம் இன்னொருவர் பெட்டிக்குள் ஏறும். அவர் கழற்றியது மற்றொருவருக்கு. வாங்காமலே மேம்படுத்தும் வித்தையும் உலவியது. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட ‘செலரான் 300ஏ’ மலிவான சில்லு. மதர்போர்டின் ஓட்டத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் 450இல் ஓடிவிடும். விலையுயர்ந்த பென்டியம் II செய்ததை ஏறத்தாழ இதுவும் செய்தது.

அன்று மூன்றாண்டுப் பழைய பொறி உண்மையிலேயே கிழடு. 1993இல் முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2000இன் இறுதியில் பென்டியம் 4 ஒன்றரை கிகாஹெர்ட்ஸ். ஏழாண்டில் இருபது மடங்குக்கு மேல். 2004 நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்ஸ். அத்தோடு தேர் நிலைக்கு வந்துவிட்டது. நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல் அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டிருந்தது. வெப்பம்தான் காரணம். சில்லின் கூறுகள் சிறுத்தால் மின்செலவும் அதே அளவில் சிறுக்கும் என்ற 1974ஆம் ஆண்டின் டென்னார்டு விதி அதற்குமேல் கைகொடுக்கவில்லை. உட்கருக்கள் பெருகின, உள்ளமைப்பு செழுமையுற்றது, வளர்ச்சி நிற்கவில்லை. ஆயினும் இருபதாண்டு கழித்தும் வேகம் அன்றையதன் இரு மடங்கை எட்டவில்லை.

2007 நவம்பரில் ஜெர்மனியின் கிரைடெக் வெளியிட்ட ‘கிரைசிஸ்’ இந்தத் திருப்பத்தின் நினைவுச்சின்னம். அதன் மிக உயர்ந்த படத்தரம், வெளியான நாளில் எந்தக் கணினியிலும் ஒழுங்காக ஓடவில்லை. ‘உன் கணினியில் கிரைசிஸ் ஓடுமா?’ என்பது உலகெங்கும் நகைச்சுவையாயிற்று. ஒற்றைக் கருவின் வேகம் முன்போலவே பெருகும் என்று நம்பிக் கட்டிய மாளிகை அது. பெருகியது கருக்களின் எண்ணிக்கை. ஆகவே பல ஆண்டு கழித்து வந்த பொறிகளும் அதன் சில இடங்களில் திணறின. இதற்கிடையே பெரிய ஆட்டங்கள் 2005இன் எக்ஸ்பாக்ஸ் 360ஐயும் 2006இன் பிளேஸ்டேஷன் 3ஐயும் அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்டன. 2013 வரை அந்தப் பெட்டிகள் மாறவில்லை, அதனால் பி.சி.யிடம் கேட்கப்பட்டதும் பெரிதாக ஏறவில்லை. 2011 ஜனவரியில் வந்த இன்டெலின் ஐ5-2500கே சில்லை ஏழெட்டு ஆண்டு மாற்றாமல் ஆடியவர்கள் ஏராளம். முந்திய தலைமுறையில் நினைத்தும் பார்க்க முடியாத ஆயுள் அது.

பொறி தானாகப் பழசாகாத காலம் வந்ததும், பழசாக்கும் பணியை வேறு கைகள் எடுத்துக்கொண்டன என்று சொன்னால் சிலர் கோபிக்கக்கூடும். சான்று இருக்கிறது. 2004இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ‘ஹேலோ 2’, 2007இல் பி.சி.க்கு வந்தபோது விண்டோஸ் விஸ்டா வேண்டும் என்றது. மூன்றாண்டுப் பழைய ஆட்டத்துக்கு எதற்குப் புத்தம்புதிய இயங்குதளம்? சில ஆர்வலர்கள் அதை எக்ஸ்பியிலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்டதோடு, சுமாராக 2017க்கு முந்திய இன்டெல் சில்லுகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பாதுகாப்பு என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, கணக்குப் போடுவதில் எந்தக் குறையும் இல்லாத எண்ணற்ற பொறிகள் ஒரே நாளில் முதியோர் ஆயின.

தட்டுப்பாடும் தன் பங்கை ஆற்றியது, எதிர்த்திசையில். 2017-18இலும், மீண்டும் 2020 முதல் 2022 வரையிலும், கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிச்சென்றனர். பெருந்தொற்றுக் காலத்துச் சில்லுப் பஞ்சம் வேறு. 2016 ஜூலையில் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, ஸ்டீம் தளத்தின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் 2022 வரை பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அது காதலால் மட்டும் நேர்ந்ததன்று. மாற்றுவதற்கு வழியில்லாததும் ஒரு காரணம். அத்தனை பேர் அதை வைத்திருந்ததால், ஆட்டம் எழுதியவர்களும் அதற்கு இடம் விட்டு எழுதினார்கள். பலர் ஒன்றாக மேம்படுத்தாமல் இருந்தால் மேம்படுத்தவேண்டிய தேவையே தள்ளிப்போகிறது. தனியொருவர் முடிவு என்று நாம் நினைப்பது அப்படி முழுக்கத் தனியானதும் அன்று.

இப்போது மீண்டும் ஐடி சாஃப்ட்வேர். 2025 மே மாதம் ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ வந்தது. ஒளிக்கதிரின் போக்கைக் கணிக்கும் தனி உறுப்பு கிராஃபிக்ஸ் கார்டில் இருந்தே ஆகவேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 கிகாபைட் நினைவகம் கொண்ட வல்லமையான கார்டு. அதற்கு அனுமதி இல்லை. குறைந்தபட்சமாகக் குறிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், வழக்கமான ஆட்டங்களில் அதைவிட வேகம் குறைந்தது. அதற்கு அனுமதி உண்டு. படைப்பாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒளியைக் கைப்பட இட்டு நிரப்பும் நெடும்பணி மிச்சமாகிறது. ஆட்டத்தின் களங்கள் விரிகின்றன. ஆனால் 1993இல் இதே நிறுவனம் கொடுத்த கழித்தல் விசை இதில் இல்லை. தரத்தைக் குறைத்துக்கொள்கிறேன், உள்ளே விடு என்று கேட்க முடியாது.

என் மகனுக்கு இந்த ஆட்டம் வேண்டும். கல்லூரி முதலாண்டு, வீட்டில் இருப்பது அந்த 1060தான். நாற்காலியை இழுத்துப்போட்டு இருவரும் கணக்குப் பார்த்தோம். புதிய கார்டு வாங்கினால் பவர் சப்ளை போதாது. அதை மாற்றினாலும், 2016ஆம் ஆண்டின் பிராசஸர் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. பிராசஸரை மாற்ற மதர்போர்டு மாறவேண்டும். மதர்போர்டு மாறினால் நினைவகமும் டிடிஆர்5ஆக மாறவேண்டும். ஒரு செங்கல்லை உருவப்போய்ச் சுவரே வந்துவிட்டது. அந்த நினைவகத்தின் விலையோ, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை விழுங்கத் தொடங்கியதால் 2025இன் இறுதி மாதங்களில் வேகமாக ஏறியது. நீஹாமா பிசின் ஆலை எனக்கு நினைவுக்கு வந்தது.

“நீ ஆட நினைப்பவற்றில் எத்தனை இந்தப் பெட்டியில் ஓடாதவை?” என்று கேட்டேன்.

விரல்விட்டு எண்ணினான். மூன்று.

“அந்த மூன்றையும் இந்த ஆண்டே ஆடியாக வேண்டுமா?”

“ஒன்றை மட்டும், அப்பா,” என்றான்.

கார்டுக்கென்று தனியாக மாதம் ஒரு தொகையை ஒதுக்குவது, நினைவக விலை இறங்கும்வரை எதையும் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. அதுவரை பெட்டியில் லினக்ஸ் ஏற்றியிருக்கிறான். 2018இல் வால்வ் நிறுவனம் ‘புரோட்டான்’ என்ற பாலத்தை வெளியிட்டபின் விண்டோஸுக்கென எழுதிய ஆட்டங்கள் பல அதில் ஓடுகின்றன. ‘வேலொரன்ட்’ போல ஏமாற்றுத் தடுப்பைக் கடுமையாக வைத்திருப்பவை ஓடா. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் அந்த ஒன்று போனதுதான் அவனுக்கு வருத்தம். சனிக்கிழமைகளில் அதற்காக நண்பன் வீட்டுக்குப் போய்வருகிறான்.